எர்த்துக்காரரின் பச்சை வயர்

ஒரு மனிதரின் பிழைப்பை ஒரே சொல்லால் கெடுத்தவன் நான். அந்தச் சொல் ‘ஆமாம்’. கெடுக்கப்பட்டவர் காரைக்குடியில் மின்சாரத்துக்குப் பயந்த ஒரே எலெக்ட்ரீஷியன்.

மற்ற எலெக்ட்ரீஷியன்கள் வயரைப் பல்லால் கடித்து உரிப்பார்கள். இவர் ஒரு சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு நம் காலையும் பார்ப்பார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவர் எர்த்து. சிறியவர்களுக்கு எர்த்தண்ணே.

மின்சாரக் கருவி பழுதாகிக் கரண்டு கசிந்தால், அது ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்கிப்போக ஒரு வழி வேண்டும். அந்த வழிக்குத்தான் எர்த்து என்று பெயர். கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த நான் முப்பது வருடங்களுக்கு மேல் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். எனக்கு அது பாடம். அவருக்கு அது மதம். ஊரில் எல்லோரும் எதிர்ப்பட்டால் “சாப்பிட்டீகளா?” என்று கேட்பார்கள். அவர் “எர்த்து இருக்கா?” என்று கேட்பார்.

கையில் எப்போதும் ஒரு டிபன் டப்பா வைத்திருப்பார். உள்ளே சோறு இருக்காது. பழந்துணியில் சுற்றிய ஒரு குண்டு பல்பும் இரண்டு முழ வயரும் இருக்கும். ஒரு முனையைக் கரண்டிலும் மறு முனையை எர்த்திலும் வைப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் வீட்டில் எர்த்து நன்றாக இருக்கிறது. மங்கினால் “உங்க வீட்டு எர்த்து நோவுல கெடக்கு” என்பார். எரியவே இல்லையென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் தவறிப்போனார். உடலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெண்கள் பெட்டியின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். எர்த்து மாலையோடு வந்தார். மாலையை வைக்குமுன் பெட்டியின் வயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தார்.

“மாப்ளே, பெட்டிக்கு எர்த்து இருக்கா?”

பெரியவரின் மகன் கொதித்துவிட்டார். “அண்ணே, எங்கப்பா செத்துக் கெடக்காரு. இனிமே ஷாக் அடிச்சா அவருக்கு என்ன?”

“அவுகளுக்கு ஒண்ணுமில்லப்பா. அவுக துணைக்கு ஆளச் சேத்து அனுப்பிறாதீகன்னுதான் சொல்றேன்.”

டிபன் டப்பாவைத் திறந்தார். பல்பு எரியவில்லை. அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் ஓர் அடி பின்வாங்கியது. மிச்ச அழுகையை எல்லோரும் நான்கடி தூரத்தில் நின்றே அழுதார்கள்.

ஒரு வாடகை வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எர்த்துக்காக அவர் தோண்டும் குழியில் இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவார். அந்த இடம் காயாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். யாரும் அதன் மேல் வண்டியை நிறுத்திவிடக்கூடாதே என்று சுற்றிலும் நாலு செங்கல் நட்டு மஞ்சள் பூசிவிட்டார். அந்த வீட்டுக்கு வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் செங்கல்லுக்குப் பூ, குங்குமம், எலுமிச்சம்பழம். வீட்டின் சொந்தக்காரர் பதறினார்.

“என்னய்யா எர்த்து, உள்ளதச் சொல்லிருவமா?”

“வேணாம். சாமின்னு நெனச்சாவது தண்ணி ஊத்துறாகல்ல. ஆனா செவ்வாயும் வெள்ளியும் மட்டுந்தான் ஊத்துறாகளாம். மத்த நாள்ல கரண்டு லீவுலயா இருக்கு?”

குடிவந்த வீட்டு அம்மாளிடம் நேரே போய், “இது தெனமும் தண்ணி கேக்குற சாமிம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். அது பொய்யில்லை என்று கடைசிவரை சாதித்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்றும் வேலை போயிற்று. எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. பழைய ஹீட்டர் போர்த் தண்ணீரின் உப்பைப் பதினான்கு வருடம் தின்று, கடைசியில் அடிப்பக்கம் ஓட்டையாகிச் சுவரெல்லாம் துருவாக வழிந்தது. கடைக்குப் போய் ஒன்றை வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். எர்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

“தலைக்கு ஊத்துறது என்னைக்கு?”

“எனக்குச் சனி. அவளுக்கு வெள்ளி.”

“நின்னுக்கிட்டுக் குளிப்பீகளா, உக்காந்தா?”

“இதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?”

“நின்னு குளிச்சா தண்ணி கூடப் பிடிக்கும் சார். எத்தனை வாளி?”

உள்ளேயிருந்து என் மனைவி விசாலம் பதில் சொன்னாள். “இவுகளுக்கு ரெண்டரை வாளி. அதுல ஒரு வாளி செவருதான் குளிக்கும்.”

நான் இருபத்தைந்து லிட்டர் ஹீட்டர் வாங்கலாம் என்றேன்.

“பதினஞ்சு போதும். ரெண்டு பேரு இருக்குற வீட்டுல இருபத்தஞ்சு எதுக்கு? யானையா கட்டிருக்கீக?”

“இல்லப்பா, இவுகளத்தான் கட்டிருக்கேன்” என்றாள் விசாலம். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு கட்சி.

ஹீட்டரின் விலை ஒன்பதாயிரத்து எண்ணூறு. நியாயமாக இருந்தது. அதை மாட்ட அவர் சொன்னவை ஒவ்வொன்றாக வந்தன. பழைய வயர் தாங்காது, கனமான வயர் வேண்டும். தனி சுவிட்ச் வேண்டும். தண்ணீர் கொதித்து அழுத்தம் கூடினால் திறந்துவிடும் வால்வு வேண்டும். பழைய குழாய்களைத் தட்டிப் பார்த்தார், அவையும் போயிருந்தன. கடைசியாக எர்த்துக் குழி. அதற்கு மட்டும் மூவாயிரம்.

“மண்ணத் தோண்டுறதுக்கு மூவாயிரமா?”

“மூடுறதும் அதுலயே அடக்கம் சார்.”

குழியை அவரே வெட்டினார். பின்பக்கம் பாறையாக இருந்ததால், ஈரம் இருந்த இடம் வாசல் கேட்டருகேதான் கிடைத்தது. மளிகைக் கடையில் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கியபோது கடைக்காரர் “வீட்டுல ஊறுகா பெருசாப் போடுறீகளோ?” என்று கேட்டாராம். “ஆமா, சாரையும் அம்மாவையும் நூறு வருசம் கெடாம வைக்கப்போறோம்” என்று சொல்லிவிட்டு வந்ததாக எர்த்து சொன்னார்.

வீட்டின் பின்னால் இருக்கும் குளியலறையிலிருந்து முன் கேட் வரைக்கும், பக்கச் சுவர் நெடுக ஒரு பச்சை வயரை இழுத்து ஆணியடித்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த்தின் முகமும் பளிச்சிட்டது. விசாலம் “கொடி படந்த மாதிரி நல்லாத்தான் இருக்கு” என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் என் வீட்டுக்குத் தையல் போட்டது போலிருந்தது.

மறு வருடம் எனக்கு எழுபது நிறைந்தது. பிள்ளைகள் சேர்ந்து பீமரத சாந்தி ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த மேஸ்திரி “இந்த வயர் மட்டும் இல்லைன்னா சுவரு பளிங்கு மாதிரி நிக்கும் சார்” என்றார். எர்த்து அந்த வாரம் திருக்கோஷ்டியூரில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். சாந்திக்கும் அவரால் வரமுடியவில்லை. நானே ஒரு பிளையரை எடுத்து இரண்டு முனையிலும் வயரை வெட்டினேன். சுருட்டிப் பரணில் போட்டேன். விசேஷம் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன். விசாலத்திடமும் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

பந்தல் வண்டிகள் வந்துபோனதில் வாசல் மண் குண்டும் குழியுமாகிவிட்டது. மட்டப்படுத்தி சிமெண்டுக் கல் பதித்தோம். எர்த்துக் குழி அதற்கடியில் போய்விட்டது. பிறகு மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன். சுவர் அழகாக இருந்தது, அதுதான் காரணம். அதன் பிறகு எர்த்து தெருவில் எதிர்ப்பட்டபோதெல்லாம் நான் அவரை வாசலோடு பேசி அனுப்பினேன்.

மார்கழியில் ஒரு காலை. குளியலறையில் செம்பு உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஹீட்டருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயில் வெடித்து, குழாயில் கரண்டு பாய்ந்திருக்கிறது. குழாயைத் திறந்த விசாலத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போனேன். மூச்சு இருந்தது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் என் மருமகன் மதுரையிலிருந்து வந்தார். அவர் என்ஜினியர். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்களும் என் மைத்துனரும் நின்றிருந்தார்கள். மருமகன் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். “என்ன மாமா இது, எர்த்து இல்லாமலா மாட்டியிருக்கான்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் “ஆமாம்” என்றேன்.

செய்தி கேட்டு எர்த்து ஓடிவந்தார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். “அம்மா எப்படி இருக்காக?” என்று கேட்டுக்கொண்டே நேராகக் குளியலறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

“பச்சை வயர் எங்க சார்?”

அதுவரை அவரை நான் ‘நீங்க’ என்றுதான் அழைத்திருக்கிறேன். அன்று, “நீ போட்டிருந்தாத்தானே இருக்கும்!” என்று கத்தினேன்.

அவர் ஸ்குரூவைக் கழற்றிச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு அந்தப் பச்சை வயரின் வெட்டுப்பட்ட முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற யாருக்கும் அது தெரியவில்லை. அவர் கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும். நகரவில்லை. பெட்டியை மூடினார். நாலு ஸ்குரூவையும் நிதானமாகத் திருகினார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மாலைக்குள் கதை கோவிலூர் வரை போய்விட்டது. எர்த்து எர்த்து என்று கத்தியவனே எர்த்து போடாமல் பணத்தை விழுங்கிவிட்டான் என்றார்கள். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். இவர் செய்ததாகச் சொன்னதால் ஊருக்கு அது சிரிப்பாகவும் ஆகிவிட்டது. டீக்கடைக்கு வந்தால் “என்னண்ணே, டீக்கு எர்த்து போடவா?” என்று கேட்டார்கள். வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. பிறகு அவர் டீக்கடைக்கு வருவதும் நின்றது.

விசாலம் இரண்டு மாதம் கழித்து வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் கேட்டாள். “அவரு ஒரு எட்டு வந்து பாக்கலையே. அப்படிப்பட்ட ஆளில்லையே?”

அவளிடம் உள்ளதைச் சொன்னேன். மறுநாள் காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“என்னைய அடிச்சது கரண்டு. அவர அடிச்சது நீங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஊருக்குள்ள பரப்பிவிட்டீகல்ல, ஊருக்குள்ள போயிச் சொல்லுங்க.”

பரணிலிருந்து பச்சை வயர்ச் சுருளை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீடு வீடாகப் போனேன். “நான்தான் வெட்டினேன். அவர் மேல் பழி போட்டது பொய்” என்று சொன்னேன். பெரிய அவமானத்துக்குத் தயாராகத்தான் போனேன். நடந்தது அதைவிட மோசமானது. யாரும் நம்பவில்லை.

முதல் வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், இந்த மனசு யாருக்கு வரும்? ஒரு ஏழை பொழைக்கணும்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறீகளே!”

“இல்லைங்க, இதோ வயர். நான் வெட்டினது.”

“இருக்கட்டும் சார், இருக்கட்டும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரில் ஒரு வருடம் ஓடிய அந்த வயரை அவரும் தெருவில் மற்றவர்களும் கேபிள் டிவி வயர் என்றே நினைத்திருந்தார்கள்.

மின்சாரச் சாமான் கடைக்காரர் வயரைத் தடவிப் பார்த்தார். “வயரு புதுசால்ல இருக்கு. அந்தாளுக்காக இதையும் காசு குடுத்து வாங்கினீகளாக்கும்? நம்ம கடைக்கு வந்திருந்தா மீட்டருக்கு ரெண்டு ரூவா கொறச்சிருப்பேனே.”

மருமகனிடம் தொலைபேசியில் சொன்னேன். “இயற்பியல் வாத்தியார் எர்த்து வயரை வெட்டுவாரா மாமா? அத்தைக்கு இப்படி ஆனதுல உங்களுக்கு மனசு சரியில்ல. ரெஸ்ட் எடுங்க” என்றார்.

நான் படித்த படிப்பே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. என் மரியாதை ஊரில் கூடிவிட்டது. ஒரு பள்ளியிலிருந்து வந்து, ஆண்டு விழாவில் நேர்மையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் ஒரு பொய்.

கடைசியில் எர்த்து வீட்டுக்குப் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய வீடு. அவர் வாசலில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்கும்படி கேட்டேன். ஊரில் யாரும் நம்பவில்லை என்பதையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

“பொய்யி ஒரு வாட்டிதான் சொன்னீக, ஊரே நம்பிருச்சு. நெசத்த வீடு வீடாச் சொல்றீக, ஒருத்தரும் நம்பல. கரண்டும் அப்படித்தான் சார். லேசான வழி எதுவோ அதுலதான் போகும்.”

“அன்னைக்கே அந்த வெட்டு முனையைக் காட்டியிருக்கலாமே. ஏன் காட்டலை?”

அவர் மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அம்மா அங்குட்டு ஆஸ்பத்திரியில கெடக்காக. புருசந்தான் காரணம்னு மருமகப்பிள்ள முன்னால, மச்சினன் முன்னால எப்படிச் சார் காட்டுறது? என்னையத் தெரிஞ்சவுக, இவன் எர்த்துப் போட்டிருப்பான்னு நம்புவாகன்னு நெனச்சேன். நம்பல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீக.”

இப்போது அவர் தேவகோட்டையில் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்க்கிறார். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக்குப் புது ஹீட்டர் மாட்டவேண்டும், நீங்கள்தான் வரவேண்டும் என்றேன்.

“மாட்ட வரமாட்டேன் சார். கடைக்காரன் ஆளு மாட்டட்டும். மாட்டினதும், அம்மா தொடுறதுக்கு முன்னால எனக்குச் சொல்லி விடுங்க.”

புது ஹீட்டர் பன்னிரண்டாயிரம் ஆயிற்று. மாட்டுவது இலவசம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்த இளைஞர் துளை போடுவது மட்டும்தான் இலவசம் என்றார். ஆணி, குழாய், வால்வு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வாங்கிக்கொண்டார். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். நாங்கள் எந்தக் கிழமை தலைக்குக் குளிக்கிறோம் என்று அவர் கேட்கவேயில்லை. எர்த்தைப் பற்றிக் கேட்டேன். “பிளக்குலயே மூணு முள்ளு இருக்குல்ல சார்” என்றார். மூன்றாவது முள்தான் எர்த்துக்கு; அதற்குப் பின்னால் வயரே இல்லை. விசாலம் அந்தக் குழாயைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அடுப்பில் வைத்த வெந்நீரை நான் வாளி வாளியாகச் சுமந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எர்த்து வந்தார். வாசலில் பதித்த சிமெண்டுக் கல்லை நான் ஆள் வைத்துப் பெயர்த்து வைத்திருந்தேன். குழி அப்படியே இருந்தது. புதிதாக உப்பும் கரியும் போட்டு, அதே வெள்ளைச் சுவரில் அதே பச்சை வயரை இழுத்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் என்னோடு பேசவில்லை. பல்பைப் போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, “அம்மா, இனிமே குளிக்கலாம்” என்றார்.

“இருப்பா, காபி கொண்டாறேன்” என்றாள் விசாலம், வாக்கரோடு அடுக்களைக்குத் திரும்பியபடி.

“இன்னொரு நாளைக்கும்மா.”

அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை. எங்கள் தெருவிலும் யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. வாயால் சொன்னதை நம்பாதவர்கள் அச்சில் வந்தால் நம்புவார்களோ என்னவோ, அதனால்தான் இதை எழுதினேன். இதையும் படித்துவிட்டு ‘சாருக்கு என்ன பெரிய மனசு’ என்று யாராவது சொன்னால் அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை.

காலை நடையை மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் பஸ் நிலையம் வரை போகிறேன். தேவகோட்டை பஸ்ஸில் அவர் ஏறும்போது ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அவரும் பார்ப்பதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. கூட்டம் அதிகமான நாட்களில் அவருக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டதா என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புகிறேன்.